உள்குடாவில் எஞ்சின் கூடாது

கப்பல் எல்லைக் கற்குவியலைத் தாண்டிவிட்டது என்பது இவாலோவுக்கு முதலில் காதில்தான் பட்டது. பதினோரு நாளாக அந்தக் குடாவில் எஞ்சின் சத்தமே இல்லை. பனிப்பாறை வெடிப்பதும், கரைப்பாறைகளில் ஆக் பறவைகள் சண்டை போடுவதும், எப்போதாவது ஒரு திமிங்கலம் மூச்சு விடுவதும்தான். அதற்கே பழகிப்போன காதில், அடி வயிற்றிலிருந்து வருவது போன்ற அந்த உறுமல் விழுந்ததும் காப்பிக் குவளையைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தொலைநோக்கியை எடுத்தாள்.

மூடுபனி விலகிய இடத்தில் வெள்ளையாக, ஏழு அடுக்கோடு நின்றது கப்பல். நிற்கவில்லை, வந்துகொண்டிருந்தது. முகப்பில் 'வெஸ்பெரா' என்று நீல எழுத்து.

தொலைநோக்கியை இன்னும் உள்ளே திருப்பினாள். ஐந்து கயாக்குகள், ஒற்றை ஆள் தோல்படகுகள். ஒவ்வொன்றிலும் ஒருவன், துடுப்பை மடியில் கிடத்தி, மூச்சுகூடப் பார்த்து விட்டுக்கொண்டு. அவர்களுக்கு முந்நூறு முழம் தள்ளி, நேற்று மாலைதான் உள்ளே வந்த கொம்புத் திமிங்கலங்களின் முதுகுகள், சாம்பலும் கறுப்புமாக. அவள் எண்ணத் தொடங்கினாள். ஒன்பது வரை எண்ணினாள். பத்தாவது முதுகைத் தேடும்போது ஒன்பதும் இல்லை. தண்ணீர் துணியை இழுத்து விரித்தது போலக் கிடந்தது.

"போச்சு," என்றாள் வாய்விட்டு.

துவாப்பாக் ஊரில் ஐம்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். வேட்டை தொடங்கியதிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை கற்குவியலுக்கு உட்பட்ட தண்ணீரில் யாரும் எஞ்சின் ஓட்டுவதில்லை. கயாக்கில் சத்தமில்லாமல் போய், முதலில் எறியீட்டி, பிறகுதான் துப்பாக்கி. அப்படிச் செய்தால்தான் அடிபட்ட திமிங்கலம் வீணாக மூழ்காது, அடுத்த கூட்டமும் பயப்படாமல் வரும். இதை எழுதியவர்கள் வேட்டைக்காரர்களே. நகராட்சி பின்னால் முத்திரை குத்தியது, அவ்வளவுதான். அதைக் காவல் காக்க அந்தக் கரை முழுவதற்கும் ஒரே ஒரு வேட்டைக் கண்காணிப்பாளர். அது இவாலோ. நாற்பத்து மூன்று வயது, துறை கொடுத்த பச்சைச் சட்டை, ஒரு துப்பாக்கி, கார்பன் தாள் வைத்த நோட்டீஸ் புத்தகம்.

அந்தப் புத்தகத்தில் போன கோடையில் அவள் எழுதிய ஒரே பெயர் அவளுடைய தம்பி அவிக்கேயின் பெயர். காற்று திடீரென்று எழும்பியது, கயாக்கைப் படகில் கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர எஞ்சினைப் போட்டேன், இருநூறு முழம்கூட இருக்காது என்றான். இருநூறு முழம்தான். அவள் எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாற்பது குதிரைத்திறன், புத்தம் புதுசு. அதற்கப்புறம் ஒரு வருஷமாக அவன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. கடையில் எதிர்ப்பட்டால், "சட்டம் வருது, வழி விடுங்க" என்பான்.

அவள் வானொலியை எடுத்தாள்.

"வெஸ்பெரா, வெஸ்பெரா. துவாப்பாக் வேட்டைக் கண்காணிப்பு பேசறேன். நீங்க இருக்கறது எஞ்சின் தடை செஞ்ச தண்ணி. திரும்பி வெளியே போங்க."

கரகரப்புக்குப் பிறகு ஓர் இளம் குரல், விடுமுறைக்கு வந்தவன் போல உற்சாகமாக. "காலை வணக்கம் துவாப்பாக்! என்ன ஒரு இடம்ங்க இது! எங்ககிட்ட நூக்ல குடுத்த அனுமதி இருக்கு. ரொம்ப மெதுவாதான் வர்றோம்."

"மெதுவா வந்தாலும் எஞ்சின் எஞ்சின்தான். இங்க வேட்டை நடக்குது."

"அது வேட்டைக்காரங்களுக்கான விதின்னு எங்க குறிப்புல இருக்கு. நாங்க எதையும் சுடப் போறதில்ல!" அவன் சிரித்தான். "வெஸ்பெரா, முடிக்கிறேன்."

தலைநகரமான நூக்கில் இருந்த மேலதிகாரி பெந்தேயை செயற்கைக்கோள் தொலைபேசியில் பிடிக்க அரை மணி ஆனது. சனிக்கிழமை. பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தம்.

"அனுமதி குடுத்திருக்காங்க, நிஜம்தான் இவாலோ," என்றாள் பெந்தே. "குடுத்தவங்களுக்கு உங்க ஊர் விதி தெரியுமான்னு எனக்குத் தெரியல. திங்கட்கிழமை கேக்கறேன். நீ ஒரு அறிக்கை எழுதி வை."

"திங்கட்கிழமை திமிங்கலம் எங்க இருக்கும்?"

"வேற ஒண்ணும் செஞ்சுடாத. தயவுசெஞ்சு."

இவாலோ தொலைபேசியை அணைத்தாள். கீழே துறையின் படகு அறுபது குதிரைத்திறன் எஞ்சினோடு கட்டிக் கிடந்தது. அதில் போனால் உள்குடா முகாமுக்கு இருபது நிமிஷம். அவள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். முனையைச் சுற்றி, சதுப்பில் கால் புதைய, இரண்டு ஓடைகளைக் கடந்து இரண்டு மணி நேரம்.

அவள் முகாமுக்கு மேலே உள்ள மேட்டில் ஏறி நின்றபோது கரை முழுக்க மஞ்சளாக இருந்தது. மஞ்சள் மேற்சட்டை போட்ட இருநூறு பேருக்குக் கொஞ்சம் குறைச்சல். பதினாறு ரப்பர் படகுகள் மூக்கை மணலில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. வேட்டைக்காரர்களின் கூடாரத்துக்குள் ஒருத்தி தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறைச்சி காயப்போட்ட பரணுக்கு முன்னால் ஒரு தம்பதி மாறி மாறிப் படம் எடுத்தார்கள். இன்னொரு கும்பல், சீல் என்னும் கடல்நாயின் தோலுக்குள் பறவைகளை அடைத்துப் புளிக்கவைத்த குழியின் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. விரல் உயரம் வளர அறுபது வருஷம் எடுத்துக்கொண்ட வில்லோச் செடிகளின் மேல் ஒருவர் முக்காலியை விரித்து உட்கார்ந்திருந்தார்.

கயாக்குகள் ஐந்தும் கரையேறியிருந்தன. ஐந்து பேரும் ஒரு பாறையில் வரிசையாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் படம் எடுத்தார்கள்.

"உங்கள்ல யாரு பொறுப்பு?" என்று இவாலோ கரைக்கு இறங்கி வந்து கேட்டாள்.

பயணக் குழுத் தலைவன் ஹென்னிங் கையை நீட்டிக்கொண்டு வந்தான். டேனிஷ்காரன். தாடி, நல்ல முகம், மனசும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

"நீங்கதான் வானொலியில பேசினீங்களா? வருத்தமா இருக்குங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், எங்க கம்பெனி மாதிரி இயற்கையை மதிக்கிறவங்க கிடையாது. எல்லாரோட பூட்ஸையும் கழுவி, பை ஓரத்துல இருக்கற விதையைக்கூட வாக்குவம் போட்டு எடுத்துட்டுதான் இறக்கினோம்."

"பூட்ஸைக் கழுவினீங்க. எஞ்சினை என்ன பண்ணீங்க?"

அவள் விதியை எடுத்து, டேனிஷ் மொழியில் இருந்த பக்கத்தைத் திருப்பி, நின்ற இடத்திலேயே படித்தாள். எஞ்சின் பொருத்திய எந்தக் கலமும். ஆகஸ்ட் கடைசி நாள்வரை. மீறப் பயன்பட்ட கருவியைக் கண்காணிப்பாளர் அங்கேயே பறிமுதல் செய்யலாம்.

"இது எங்களை நினைச்சு எழுதினது இல்லீங்க," என்றான் ஹென்னிங் மெதுவாக.

"எந்தக் கலமும்னு போட்டிருக்கு. சின்னதுன்னு போடல. எங்களுதுன்னும் போடல."

அவள் புத்தகத்தைத் திறந்து, கார்பன் தாளைச் சரிசெய்து, கப்பலின் பெயரை எழுதத் தொடங்கினாள். பாறைமேல் உட்கார்ந்திருந்த அவிக்கே தேநீரின் அடிக்கசடைத் தரையில் ஊற்றிவிட்டு எழுந்து வந்தான். கயாக்கில் பதினோரு நாள் உட்கார்ந்த முழங்கால், நொண்டி நொண்டி நடந்தான். அவளுக்குப் பக்கத்தில் வந்து, புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

"என்ன அதிகாரியம்மா. எழுதறியா?"

"எழுதறேன்."

"நல்லா எழுது. கையெழுத்து அழகா இருக்கணும். கப்பல்காரங்க வீட்டுல சட்டம் போட்டு மாட்டுவாங்க."

"அவிக்கே, போய் உக்காரு."

"எங்கிட்ட எழுதினதோட நிக்கலியே நீ? என் எஞ்சினைக் கழட்டி எடுத்துட்டுப் போனியே. ஊரே பாத்துச்சே. இவங்ககிட்டன்னா பேனாவோட முடிஞ்சுதா? தம்பின்னா எஞ்சின், தொரைன்னா தாளா?"

பாறையில் இருந்த நால்வரும் தேநீர்க் குவளையை இறக்கினார்கள். இவாலோவுக்குக் காது சுட்டது. அவன் சொன்னது சரி என்பதுதான் அதிகம் சுட்டது. அவள் வரிசையாகக் கிடந்த படகுகளைப் பார்த்தாள்.

"பதினாறு எஞ்சின். தூக்கிட்டு நடக்க முடியாதுடா," என்றாள்.

"முழு எஞ்சினையும் எவன் தூக்கச் சொன்னான்? பின்னால இருக்கற விசிறியைக் கழட்டு. ஒரு பின்னு, ஒரு நட்டு. அது இல்லாம எஞ்சின் வெறும் இரும்பு." அவன் சட்டைப் பையிலிருந்து இடுக்கியை எடுத்து அவள் கையில் வைத்தான். வைத்தவன் அங்கேயே நின்றான்.

முதல் படகின் எஞ்சினைச் சாய்த்து, வளைந்திருந்த பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைத் திருகி, மூன்று இறக்கை விசிறியை அவள் கையில் எடுத்தபோதுதான் ஹென்னிங்குக்கு நடப்பது உறைத்தது.

"நீங்க என்ன பண்றீங்க? இருநூறு பேர் கரையில இருக்காங்க! பெரியவங்க இருக்காங்க!"

"யாரையும் நான் பிடிச்சு வைக்கல. ஒவ்வொரு படகுலயும் நாலு துடுப்பு இருக்கணும்னு உங்க பாதுகாப்பு விதியே சொல்லுது. இருக்கில்ல?"

"இருக்கு, ஆனா..."

"கப்பல் அறுநூறு முழம். காத்து இல்ல. எங்க ஆளுங்க கயாக்ல கூடவே வருவாங்க. யாரும் நனைய மாட்டாங்க."

அவன் வானொலியில் கப்பல் தலைவனைக் கூப்பிட்டான். அதற்குள் ஐந்து பேரும் ஆளுக்கொரு படகாக இறங்கிவிட்டார்கள். ஒர்ஃபிக் என்ற பருமனான வேட்டைக்காரன் ஒவ்வொரு விசிறியையும் கழற்றியதும் உயரத் தூக்கிப் படம் எடுப்பவர்களுக்குக் காட்டினான். "இதையும் எடுத்துக்கோங்க, நல்லா எடுங்க!" என்று தன் மொழியில் கத்தினான். அவர்களும் எடுத்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர்களில் ஒருவர் முகம் சிவந்து ஓடி வந்து, இது கடத்தல், என் வக்கீல் யார் தெரியுமா என்றார். இவாலோ நோட்டீஸ் புத்தகத்தை நீட்டி, "உங்க வக்கீல் பேரை இங்க எழுதிடுங்க, நகல் அனுப்பறேன்" என்றாள். அவர் எழுதவில்லை.

பதினாறாவது விசிறி சாக்குப் பையில் விழுந்தபோது கப்பல் தலைவனின் குரல் அவளுடைய வானொலியிலேயே வந்தது. காலையில் பேசிய இளைஞனுடையதல்ல. வயதான, ஆறிப்போன குரல்.

"அம்மா, நீங்க செய்யறது உங்க வேலையையே காவு வாங்கிடும். இப்பவே எல்லாத்தையும் திருப்பி மாட்டுங்க. இல்லேன்னா போலீசைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க. ஹெலிகாப்டர்ல வரணும். இங்க எஞ்சின் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியும், அதனால மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி நடந்துதான் வருவாங்க. நானும் அப்படித்தான் வந்தேன்."

"அப்ப நாங்க வெளியே போறதுக்கே எஞ்சின் போடக் கூடாதா? என்ன பேச்சு இது?"

"போடலாம். நான் எழுதிக் குடுத்தா போடலாம். ஒரே ஒரு தடவை, நேரா வெளியே, மணிக்கு மூணு கடல்மைலுக்கு மேல வேகம் கூடாது. அனுமதிச் சீட்டை உங்க ஹென்னிங் கையில குடுத்தனுப்பறேன். கையெழுத்துப் போட்டு நகலைத் திருப்பி அனுப்புங்க. அது வந்தாதான் நங்கூரம் தூக்கலாம்."

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படி ஓர் அனுமதிச் சீட்டு எந்த விதியிலும் இல்லை. இருந்தாலும் அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து, முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதினாள்.

மஞ்சள் சட்டைகள் படகில் ஏறின. முதலில் யாரும் துடுப்பைத் தொடவில்லை. பிறகு மூரியல் என்ற ஸ்காட்லாந்துக்காரி, எழுபதைத் தாண்டிய நெட்டை, எல்லாரையும் முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். "கல்லூரியில மூணு வருஷம் துடுப்புப் போட்டவ நான். எதுக்கு இப்படிப் பொணம் மாதிரி உக்காந்திருக்கீங்க? ரெண்டு பக்கமும் ஒண்ணா இழுங்க!" என்றாள். போகும்போது இவாலோவைப் பார்த்து, "திமிங்கலத்தை நாங்கதான் விரட்டினோமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"யாரும் எங்ககிட்ட சொல்லலியேம்மா."

"இப்ப தெரிஞ்சுபோச்சில்ல. திரும்பிப் போனதும் சொல்லுங்க."

கோணலும் மாணலுமாகப் பதினாறு படகுகளும் போயின. சில ஒன்றோடொன்று மோதின, ஒன்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கயாக்குகள் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போய், சுற்றியதைத் தள்ளிவிட்டன. ஒரு மணி நேரம் கழித்து அவிக்கே திரும்பி வந்தபோது கயாக்கின் மேல்தோலில் செருகியிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தான். கப்பல் தலைவன் கையெழுத்துப் போட்டிருந்தான். பேனா தாளைக் கிழித்திருந்தது.

"கையெழுத்து உன்னைவிட மோசம்," என்றான் அவிக்கே. பிறகு, கடலைப் பார்த்தபடி, "அக்கா, இந்தச் சாக்கை நான் தூக்கிட்டு வர்றேன். கனமா இருக்கு" என்றான்.

திங்கட்கிழமை பெந்தே கூப்பிட்டாள். விசிறிகளை முதல் ஹெலிகாப்டரில் அனுப்பச் சொன்னாள். அவை சாட்சிப் பொருள், விசாரணை முடியாமல் தர முடியாது என்றாள் இவாலோ. செவ்வாய்க்கிழமை அவளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி ஒரு கடிதம் வந்தது. அதோடு இன்னொன்று: கம்பெனியிடம் வருத்தம் தெரிவிக்கும் வாசகம், அவள் கையெழுத்துப் போட இடம் விட்டு. அதன் பின்பக்கத்தில் 'போட மாட்டேன்' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். பச்சைச் சட்டையை மட்டும் கழற்றி மடித்து வைத்தாள். தினமும் குன்றேறிப் போய்த் தொலைநோக்கியோடு உட்காருவதை நிறுத்தவில்லை. அதற்குச் சட்டை தேவைப்படவில்லை.

திமிங்கலங்கள் அந்தக் கோடையில் திரும்பி வரவில்லை. ஐந்து பேரும் இன்னும் மூன்று வாரம் காத்திருந்தார்கள். செப்டம்பரில் குடாவின் மேல் மெல்லிய பனித்தோல் படரத் தொடங்கியதும் முகாமைப் பிரித்தார்கள். நாய்களுக்குச் சீல் கறியைப் பாதியாகக் குறைத்தார்கள். மத்தாக் என்னும் திமிங்கலத் தோல் பண்டம் இல்லாமல் அந்த வருஷம் ஊரில் ஒரு ஞானஸ்நானமும் ஒரு கல்யாணமும் நடந்தன. வந்தவர்கள் கேக்கைச் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் எழுந்து போனார்கள்.

அக்டோபரில் மாவட்ட நகரத்தின் பள்ளிக்கூடக் கூடத்தில் விசாரணை நடந்தது. கம்பெனியின் வக்கீல் கோப்பன்ஹேகனிலிருந்து வந்திருந்தார். மெல்லிய காலணி, ஈரமாகியிருந்தது. விதி வேட்டையை ஒழுங்குபடுத்தத்தான், கப்பல் வேட்டையாட வரவில்லை என்பதை நான்கு விதமாகச் சொன்னார்.

இவாலோவின் முறை வந்தது. எழுதி வைத்ததை எடுக்கவில்லை.

"வேட்டைக்காரனுக்குத் தடை, வேடிக்கை பாக்கறவனுக்குத் தடை இல்லன்னு சொல்றீங்க. திமிங்கலத்துக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? பசிக்கிறவன் சத்தம் போடாம பதினோரு நாள் உக்காரணும், பசியில்லாதவன் எஞ்சினைப் போட்டுக்கிட்டு வரலாம். இதான் உங்க விதின்னா எழுதிக் குடுங்க, கடைச் சுவத்துல ஒட்டறோம்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. தலைமை தாங்கியவர் மேஜையைத் தட்டினார்.

அவிக்கேயைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, வக்கீல் கேட்டார்: "போன வருஷம் உங்க எஞ்சினை இவங்க பறிமுதல் பண்ணினாங்க. இவங்க எல்லை மீறுற ஆள்தான்னு நீங்களே ஊர்ல சொல்லியிருக்கீங்க. இல்லையா?"

"சொன்னேன். இன்னும் கோவம்தான். நல்ல எஞ்சின் அது."

"அப்ப என் கட்சிதான் நீங்க."

"இல்லீங்க. என்னை விட்டுட்டு உங்களைப் பிடிச்சிருந்தா உங்க கட்சி. உங்களை விட்டுட்டு என்னைப் பிடிச்சிருந்தாலும் அவ தப்புன்னு சொல்வேன். அவ ரெண்டு பேரையும் பிடிச்சா. நான் என்ன சொல்றது?"

தீர்ப்பு பாதி பாதியாக வந்தது. கப்பல் விதியை மீறியது உண்மை. விசிறிகளைக் கழற்றியது அதிகாரத்துக்கு உட்பட்டது. பயணிகள் கரையில் இருக்கும்போது கழற்றியது தவறு, அதற்காக இவாலோவின் கோப்பில் ஒரு கண்டனம். அந்த அனுமதிச் சீட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வசந்தத்தில் நகராட்சி விதியைத் திருத்தியது: ஜூலையிலும் ஆகஸ்டிலும் எந்தப் பயணிகள் கப்பலும் கற்குவியலைத் தாண்டக் கூடாது, மற்ற மாதங்களில் ஒரு நாளைக்கு ஒரு கப்பல், கரையில் ஒரே நேரத்தில் ஐம்பது பேருக்கு மேல் கிடையாது, ஊர்ச் சங்கம் சரி என்றால் மட்டும். இவாலோவுக்குப் பச்சைச் சட்டை திரும்பி வந்தது. கண்டனமும் கோப்பில் அப்படியே இருந்தது. பெந்தே அதை எடுத்துவிடலாமா என்று கேட்டபோது, "கிடக்கட்டும், படிக்கறவங்க படிக்கட்டும்" என்றாள்.

வெஸ்பெரா மறுபடி துவாப்பாக் பக்கம் வரவில்லை. அதற்கு வேறு குடாக்கள் இருந்தன.

அடுத்த ஜூலையில் ஒரு நாள், அவள் குன்றின் மேல் மழைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. தெற்கே மூன்று நாள் படகுத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரின் கடைக்காரி. முன்பின் தெரியாதவள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"நீங்கதானே அந்த இவாலோ? இங்க ஒரு கப்பல் நங்கூரம் போட்டுட்டு நிக்குது. நாளைக்கு இருநூத்தம்பது பேரை இறக்கப் போறாங்களாம். இப்பதான் வாத்துங்க எல்லாம் முட்டை மேல உக்காந்திருக்கு. எங்களுக்கு விதியே இல்லீங்க. கண்காணிப்பாளரும் கிடையாது. கேட்டா, எந்த விதியில இருக்கு காட்டுங்கன்றாங்க."

"எத்தனை பேர் இருக்கீங்க ஊர்ல?"

"முப்பத்தொண்ணு. கைக்குழந்தையோட."

இவாலோ நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்தாள். எழுதாத தாளாகப் பார்த்துத் திருப்பினாள்.

"பேனா இருக்கா? எழுதிக்கோங்க. 'எந்தக் கலமும்'னு ஆரம்பிங்க. சின்னது பெருசுன்னு போடாதீங்க. முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போடுங்க, குழந்தைக்கு விரலை ஒத்தி வைங்க. காலையில அதை எடுத்துக்கிட்டு எல்லாரும் கரையில போய் நில்லுங்க."

"இது சட்டம் ஆகுமாங்க?"

"எங்களுதும் அப்படித்தான் ஆச்சு. எழுதுங்க, நான் சொல்றேன்."